வாளையாரில் நிற்கும் வண்டி

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் அன்பர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ ரயிலில் வந்து, எஞ்சிய தூரத்தைப் பேருந்தில் கடப்பது வழக்கம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருப்போர் பலருக்கு முழுப் பயணமுமே பேருந்தில்தான். அப்பேருந்து எந்த அனுமதியின்பேரில் ஓடுகிறது, எல்லையில் யாருக்கு எவ்வளவு செலுத்துகிறது என்பனவற்றை நாம் விசாரிப்பதில்லை. வண்டி ஓடாத நாளில்தான் அக்கேள்விகள் நம் நினைவுக்கு வருகின்றன.

அத்தகைய நாட்கள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வந்தன. அம்மாதம் 7ஆம் நாள் இரவு 8 மணி முதல் கேரளத்துக்கு வண்டிகளை இயக்குவதில்லை என்று தமிழகத்து ஆம்னி பேருந்து உரிமையாளர் சங்கத்தார் அறிவித்தனர். கேரளப் போக்குவரத்துத் துறையினர் முப்பதுக்கு மேற்பட்ட தமிழகப் பேருந்துகளைத் தடுத்து நிறுத்தி, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்துவிட்டனர் என்பது அவர்கள் கூறிய காரணம். சில தினங்களுக்குள் கர்நாடகம் முதலான பிற மாநிலங்களுக்கும் வண்டிகள் நின்றன. ஐப்பசியின் கடைசி வாரம் அது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் விசுவநாதர் தேர் ஓடும் காலம்; சபரிமலைக்கு மாலையணிந்தோர் புறப்படும் காலம். ஆண்டு முழுவதும் வெறிச்சோடியிருக்கும் அக்கிரகாரத்து வீடுகள் திறக்கப்படும் அந்த வாரத்தில் வண்டி நின்றதால், சங்கடம் உரிமையாளரோடு நிற்கவில்லை.

இவ்வழக்கின் இருபக்கத்தையும் இன்று ஆராய்வோம். சங்கத்தார் சொல்வது என்ன, அரசுகள் சொல்வது என்ன, சட்டம் எங்கே நிற்கிறது என்பவை நம் பயணத்தோடு தொடர்புடையவை. அந்த வரியும் அபராதமும் இறுதியில் நம் பயணச் சீட்டின் விலையில்தான் வந்து சேர்கின்றன.

முதலில் இடத்தைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஒரு பெரும் இடைவெளி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் என்று பெயர் இருப்பினும், மலையேறி இறங்கும் கணவாய் அன்று அது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளியே மலையை ஊடுருவிச் செல்வது போன்றது. முசிறித் துறைமுகத்தையும் கொங்கு நாட்டையும் கருவூரையும் இணைத்த பழைய வாணிகப் பெருவழி இங்கேதான் சென்றது. கோவைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ரோமானிய நாணயங்கள் அவ்வாணிகத்துக்குச் சான்று. இன்று 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. தமிழகப் பக்கம் க.க.சாவடி, கேரளப் பக்கம் வாளையார். தெற்கே கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் எனச் சிறு சாவடிகள் தொடர்கின்றன.

இடுக்கிப் பக்கம் நிலம் வேறு. அங்கே எல்லை மலை விளிம்பில் ஓடுகிறது. தேனி மாவட்டத்துச் சமவெளியிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று சாலைகள் கொண்டையூசி வளைவுகளாக மேலேறுகின்றன. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும் மூணாற்றுக்கும் மற்றொரு சாலை செல்கிறது. இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை அகலப்பாதையில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரயில் மீண்டும் வந்தது. ஆயினும் அது மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. எனவே மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கும், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் மேலேறும் கம்பம், கூடலூர், போடிப் பகுதித் தொழிலாளருக்கும் சக்கரத்தில் ஓடுவதைத் தவிர வேறு வாகனமில்லை.

இந்த எல்லைக்கோடு பழையது என்று பலர் எண்ணுகின்றனர். வாளையாரைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்வது ஒரே மாநிலத்துக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதாகவே இருந்தது. சித்தூர் கொச்சி அரசரின் ஆட்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் ஆட்சியிலும் இருந்தன; அங்கே சுங்கச் சாவடிகள் அக்காலத்திலேயே உண்டு. சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்டு வரி கொண்ட அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்ததென்றால், அச்செயல் மக்கள் நினைவில் எத்துணை அழுந்தியிருக்க வேண்டும்! வெற்றி கொண்ட நாடுகளின் பெயரால் பட்டம் பெற்ற வேந்தர் பலர். வரியொன்றை நீக்கியதற்காகப் பட்டம் பெற்றவர் அவரையன்றி எத்தனை பேர்?

இனி, வண்டிக்கு வருவோம். 'ஆம்னி பஸ்' என்னும் சொல்லைத் தமிழர் தனியார் தொலைதூரப் பேருந்துக்கே வழங்குகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்திலோ, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டப்பட்ட எந்த மோட்டார் வண்டியும் 'ஆம்னிபஸ்' ஆகும். சட்டச் சொல்லுக்கும் வழக்குச் சொல்லுக்கும் உள்ள இத்தகைய இடைவெளிகளை நாள்தோறும் மொழிபெயர்ப்பில் கண்டு பழகிய நமக்கு, இந்தத் தகராறு முழுவதுமே சொற்களின் பொருளில் தொடங்கியதாகத் தோன்றுகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் வண்டியை இருவகைப்படுத்துகிறது. குறித்த தடத்தில், இடையிடையே நின்று, ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனியே கட்டணம் பெற்று ஓடுவது ஒருவகை. நாம் தடப் பேருந்து என்கிறோம். ஒரு கூட்டத்தார் முழு வண்டியையும் ஒப்பந்தம் பேசி, புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடத்துக்குக் கொண்டுபோவது மற்றொரு வகை. இது ஒப்பந்த வண்டி. கலியாணக் கோஷ்டிக்கும் யாத்திரைக்கும் அமர்த்துவது இதனையே. சுற்றுலா வண்டி என்பது, குறிப்பிட்ட வசதிகளோடு அமைந்த ஒப்பந்த வண்டியே என்று அதே சட்டம் இலக்கணம் கூறுகிறது.

அப்படியானால், இரவு 9 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, விடியலில் பாலக்காட்டில் இறக்கிவிடும் படுக்கைப் பேருந்து எந்த வகை? அதில் ஒவ்வொருவரும் தனித்தனியே சீட்டு வாங்குகின்றனர். நாள்தோறும் அதே நேரம், அதே வழி. பார்வைக்கு அது தடப் பேருந்து. கையிலுள்ள பெர்மிட்டோ சுற்றுலாப் பெர்மிட். இந்த முரண்பாட்டை உரிமையாளர் பேராசையால் உண்டாக்கினர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திருவிதாங்கூரில் 1938ஆம் ஆண்டிலேயே அரசு பேருந்து நடத்தத் தொடங்கிற்று. தமிழகத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையாகி, கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் 1972இல் பிறந்தது. முக்கியத் தடங்கள் அரசுக் கழகங்களுக்கென ஒதுக்கப்பட்டபின் தனியாருக்குத் தொலைதூரத் தடப் பெர்மிட் கிடைப்பது அரிதாயிற்று. அவர்கள் ஒப்பந்தப் பெர்மிட் என்னும் பக்கவாசல் வழியே நுழைந்தனர். அரசுகள் கண்டும் காணாதிருந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்வோர் அனைவரையும் ஏற்றிச் செல்ல அரசுக் கழகங்களிடம் வண்டி இல்லை. கர்நாடகம் மட்டும் 1976இல் ஒரு சட்டமியற்றி ஒப்பந்த வண்டிகளை மொத்தமாகவே எடுத்துக்கொண்டது. உச்சநீதிமன்றமும் மறு ஆண்டில் அச்சட்டம் செல்லும் என்றது.

பெர்மிட்டின் வரலாற்றையும் சிறிது பார்க்க வேண்டும். சுற்றுலா வண்டிகளுக்கு நாடு முழுவதும் செல்லும் பெர்மிட் அளிக்கும் ஏற்பாடு 1969இல் பழைய சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால் வந்தது. மத்திய அரசு 1993இல் தனி விதிகள் வகுத்தது. 2021இல் அவற்றை மாற்றி, இணையவழியே ஒரே கட்டணம் செலுத்திப் பெர்மிட் பெறும் முறையைக் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து அகில இந்தியச் சுற்றுலா வாகன (பெர்மிட்) விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெரிய குளிர்சாதனப் பேருந்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். மூன்று மாதத்துக்கு மட்டும் வேண்டுமாயின் 90,000 ரூபாய். வசூலாகும் தொகை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். வண்டியில் பயணிகள் பட்டியல் இருக்கவேண்டும்.

இங்கேதான் சங்கத்தாரின் வழக்கு தொடங்குகிறது. 'நாடு முழுவதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு, மாநிலங்களுக்கும் பங்கு கொடுத்தபின், எல்லையில் மறுபடியும் வரி கேட்பது எவ்வாறு நியாயம்?' என்று அவர்கள் வினவுகின்றனர். அவர்கள் காட்டிய கணக்கு இது: ஒரு பேருந்துக்கு மூன்று மாதத்துக்குத் தமிழகச் சாலை வரி ஏறத்தாழ ஒன்றரை லட்சம், அகில இந்தியப் பெர்மிட் 90,000, அண்டை மாநிலங்களின் வரி ஏறத்தாழ 2 லட்சம். ஆகச் சுமார் நாலரை லட்சம் ரூபாய். வண்டி நிறைந்து ஓடினாலும் பாதி ஓடினாலும் இத்தொகை குறையாது. டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும் கடன் தவணையும் ஓட்டுநர் சம்பளமும் தனி.

இக்கணக்கைச் சங்கத்தார் சொன்னார்கள் என்பதற்காகவே ஐயுறவேண்டியதில்லை. சரக்கு லாரியோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே அவர்கள் குறையின் நியாயம் விளங்கும். 2010ஆம் ஆண்டு மே மாதம் முதல் சரக்கு லாரிகளுக்குப் புதிய தேசியப் பெர்மிட் வந்தது. சொந்த மாநிலத்து வரியோடு, ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று தொடங்கிப் பின்னர் 16,500 ஆன ஒரு தொகுப்புக் கட்டணத்தைச் செலுத்திவிட்டால் லாரி நாடெங்கும் செல்லலாம். வேறு மாநிலம் தனி வரி கேட்பதில்லை. பொள்ளாச்சித் தேங்காயை ஏற்றிச் செல்லும் லாரி கோபாலபுரத்தில் ஒரே கட்டணத்தின் வலிமையில் கடந்து போகிறது. அதே சாலையில் பொள்ளாச்சி மனிதரை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு அந்த வசதி இல்லை. தேங்காய்க்குக் கிடைத்த சலுகை மனிதருக்குக் கிடைக்கலாகாதா என்று கேட்பது குறும்பாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை சொல்வது எளிதன்று.

சங்கத்தார் மற்றொன்றும் கூறுகின்றனர். வரி வாங்குவதும், வண்டியைத் தடுத்துச் சோதிப்பதும், போட்டிக்கு வண்டி விடுவதும் ஒரே அரசு. 2023ஆம் ஆண்டு நவம்பரில் பத்தனம்திட்டையிலிருந்து கோவைக்குச் சுற்றுலாப் பெர்மிட்டில் ஒரு தனியார் பேருந்து புறப்பட்டபோது இதனை நாடே பார்த்தது. கேரளத்து அதிகாரிகள் வழியில் பலமுறை நிறுத்தி அபராதம் விதித்தனர். ஊரூராக மக்கள் கூடி அவ்வண்டிக்கு மாலையிட்டு வரவேற்றனர். அரசுப் போக்குவரத்துக் கழகமோ அதே தடத்தில் தானும் ஒரு குளிர்சாதனப் பேருந்தை விட்டது. எல்லை கடந்தால் தீரும் என்று எண்ணியிருந்த வண்டியிடம், தமிழகச் சாவடியில் வரியும் அபராதமுமாக 70,410 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் கோவையில் வண்டியையே பிடித்து வைத்தார்கள். மாலையிட்ட கைகள் எல்லைக்கு அப்பால் இல்லை.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தமிழகம் ஒருதலையாக வஞ்சிக்கப்படுகிறது என்று நம்மவர் சிலர் உணர்ச்சிவசப்படுகின்றனர். வெளிமாநிலப் பதிவு கொண்ட வண்டிகளைத் தமிழகமும் தடுத்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அத்தகைய ஆம்னி பேருந்துகள் தமிழகத்துக்குள் ஓடலாகாது என்று அரசு கண்டிப்புச் செய்தது. தமிழகம் பிற மாநில வண்டிகளிடம் வரி வாங்கத் தொடங்கியதால்தான் அண்டை மாநிலங்களும் அவ்வாறே செய்கின்றன என்று 2025இல் நம் சங்கத்தாரே கூறினர். ஆதலின் இது தமிழர் மலையாளிகள் தகராறு அன்று. கோவைக்கு வண்டி விட்ட கேரளத்து உரிமையாளருக்கும், எர்ணாகுளத்துக்கு வண்டி விட்ட தமிழகத்து உரிமையாளருக்கும் குறை ஒன்றே.

அரசுகளின் பக்கத்தையும் கேட்கவேண்டும்; அதுவும் வலுவற்றதன்று. வாகனங்கள் மீதான வரி அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமாக இருக்கிறது. பெர்மிட் விதிகளை வகுப்பது மத்திய அரசு. வரி விதிப்பது மாநிலம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க இயலாது என்பது மாநிலங்களின் நிலை. 1983இல் சுற்றுலா வண்டி உரிமையாளர்கள் தொடுத்த பி.ஏ. ஜெயராம் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏறக்குறைய இதனையே கூறிற்று: அகில இந்தியப் பெர்மிட் இருப்பதனால் மாநிலம் தன் வரியுரிமையை இழந்துவிடாது.

அதற்கும் முந்திய வழக்கொன்று இவ்வெல்லைக் கதையை அப்படியே நினைவூட்டுகிறது. அஜ்மீர் தனி மாநிலமாக இருந்த காலத்தில், அங்கிருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் ராஜஸ்தான் நிலத்திலும் ஓடிய பேருந்துகளுக்கு ராஜஸ்தான் வரி கேட்டது. அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு நாடெங்கும் வாணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கும் என்கிறதே என்று உரிமையாளர்கள் வாதிட்டனர். 1962இல் உச்சநீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், சாலை வசதிக்கு ஈடாகப் பெறும் வரி அச்சுதந்திரத்துக்குத் தடையாகாது என்று தீர்ப்பளித்தது. 'ஈடு' என்னும் அக்கொள்கையை 2016ஆம் ஆண்டு நவம்பரில் ஜிண்டால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கைவிட்டது. பாகுபாடு காட்டாத வரி தடையே அன்று என்னும் கருத்து நிலைத்தது. உரிமையாளர்க்கு இதனால் ஆதாயம் ஏதுமில்லை.

வரியுரிமை ஒருபுறம் இருக்க, ஒழுங்குமுறைக்கும் ஒரு தேவை உண்டு. அதனைப் பாலக்காட்டு மாவட்டமே காட்டியது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஒரு பேருந்து வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்புறம் மோதிக் கவிழ்ந்தது. மாணவர் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்தில் சென்றோர் மூவர், ஆக ஒன்பது பேர் மாண்டனர். வண்டி மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகப் பதிவாகியிருந்தது. அதன்பின் கேரளத்தில் சோதனை கடுமையாயிற்று. கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் விளக்குகளும் நீக்கப்பட்டுச் சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை பூசவேண்டுமென்னும் விதி கண்டிப்பாக நிறைவேற்றப்பட்டது. வரி குறைந்த நாகாலாந்து போன்ற தொலைமாநிலங்களில் பதிவு செய்துகொண்டு கேரளத்திலேயே ஓடும் வண்டிகள் நவம்பர் முதல் நாளுக்குள் பதிவை மாற்றவேண்டும், அன்றேல் கேரள வரி கட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. உரிமையாளர் சிலர் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினர். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

நாகாலாந்து மலைகளைக் கண்ணாலும் காணாத பேருந்து, அம்மாநில எண்ணைத் தாங்கி வாளையாரில் நிற்பதை எந்தச் சங்கமும் நேர்மையாக ஆதரித்துப் பேச முடியாது. எங்கே ஓடுகிறதோ அங்குள்ள சாலையைத் தேய்க்கிறது. வரி மட்டும் வேறெங்கோ போகிறது. இதுவே உரிமையாளர் வழக்கின் பலவீனமான பகுதி என்பது நம் கருத்து. பண்டிகை நாட்களில் ஏறும் கட்டணமும் அத்தகையதே. ஒப்பந்த வண்டிக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை; புகார்கள் பெருகியபின் 2022இல் சங்கமே ஒரு கட்டணப் பட்டியலை வெளியிட்டது. தன் விலையைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை வேண்டும், ஆனால் தடப் பேருந்துபோல் நாள்தோறும் சீட்டு விற்கும் உரிமையும் வேண்டும் என்று கேட்பது சற்று மிகை. தடப் பேருந்தின் உரிமையைப் பெறுவோர் அதன் கடமையையும் ஏற்கத்தான் வேண்டும்: கூட்டம் இல்லாத நாளிலும் ஓடுதல், குறித்த கட்டணத்துக்கு மேல் வாங்காமை.

ஆயினும் சாவடி என்னும் அமைப்பைப் பற்றிச் சங்கத்தார் கூறுவதை மறுக்க நமக்கு மனம் வரவில்லை. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு-சேவை வரி வந்தபோது வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. வாளையாரில் மைல் கணக்கில் நின்ற லாரி வரிசை கலைந்தது. மோட்டார் வாகனத் துறையின் சாவடிகள் மட்டும் இருந்துவந்தன. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்து லஞ்ச ஒழிப்புத் துறையினர் வாளையார், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளில் திடீர்ச் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றினர். வரி எவ்வளவு என்பது ஐயமாக இருக்குமிடத்தில்தான் இத்தகைய பணம் கைமாறுகிறது. விதி தெளிவாகவும் செலுத்துமுறை இணையவழியாகவும் இருக்குமாயின், இருட்டில் வண்டியை நிறுத்திப் பேரம் பேச இடமேது?

குமுளிப் பக்கத்துச் சிறு உரிமையாளரை இத்தகராறில் எவரும் நினைப்பதில்லை. அவரிடம் நூறு வண்டிகள் இல்லை. ஒரு காரோ ஒரு வேனோ இருக்கும். தேனியிலிருந்து ஐயப்ப பக்தர்களையோ, தேக்கடி பார்க்க வந்தோரையோ ஏற்றிக்கொண்டு மேலேறுகிறார். அகில இந்தியப் பெர்மிட் எடுத்தால் குறைந்தது மூன்று மாதத்துக்கேனும் கட்டவேண்டும். எடுக்காவிடில் ஒவ்வொரு முறையும் தற்காலிகப் பெர்மிட்டும் அண்டை மாநில வரியும். இரு மாதப் பருவத்தில் சம்பாதித்துப் பத்து மாதம் பிழைக்கும் அவருக்கு இரண்டுமே கனம். பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்களின் கதை இதனினும் கடினம். தோட்டத்துக்காரர் ஆளுக்குக் கொடுக்கும் வண்டிச் செலவு குறைவு. ஆகவே ஓட்டுநர் அதிகம் பேரை அடைக்கிறார். ஆகவே இரு மாநிலத்துப் போலீசாரும் பிடிக்கின்றனர். நசுங்கிப் போவது உள்ளே நெருங்கி அமர்ந்திருக்கும் பெண்கள். பெரிய பேருந்து உரிமையாளர் வேலைநிறுத்தம் செய்தால் செய்தித்தாளில் வருகிறது. ஜீப்காரர் ஒருநாள் நின்றால் அவர் வீட்டு அடுப்புக்கு மட்டுமே அச்செய்தி தெரியும்.

வழி என்ன? நீதிமன்றம் இதனை முழுவதும் தீர்க்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. சட்டப்படி மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தாலும், நாலரை லட்சம் ரூபாய்க் கணக்கு அப்படியே நிற்கும். மாநிலங்கள் தாமாகவே உடன்பட்டு, லாரிகளுக்குச் செய்தது போன்ற ஏற்பாட்டைத் தென்மாநில அளவிலேனும் செய்யவேண்டும். சொந்த மாநிலத்துக்கு முழு வரி. மற்ற மாநிலங்களுக்கு, ஓடும் தூரத்துக்கேற்ப ஒரு பங்கு. அதனையும் ஒரே இடத்தில் செலுத்துதல். தொலைமாநிலப் பதிவு அப்போது தானே பயனற்றுப்போகும். நாள்தோறும் ஓடும் வண்டிகளுக்குத் தடப் பேருந்து, சுற்றுலா வண்டி என்னும் இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்றைச் சட்டத்தில் ஏற்படுத்தி, கட்டண உச்சவரம்பும் ஓட்டுநருக்கு ஓய்வு நேரமும் விதிக்கலாம். அரசுக் கழகங்களுக்குப் போட்டி வருமே என்னும் அச்சம் இருக்கிறது. அப்போட்டி இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. இரவில், பெயர் மாற்றிக்கொண்டு, ஓடுகிறது.

இதற்கு மேடை புதிதாகத் தேடவேண்டியதில்லை. வாளையாரில் எல்லைக்கோட்டை இழுத்த அதே 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் அமைத்தது. அக்குழுக்கள் ஆராயத்தக்கவை என்று அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விஷயங்களுள் எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களிடைப் போக்குவரத்து மூன்றும் ஒரே தொடரில் வருகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவை தென்மண்டலக் குழுவில் ஒன்றாக அமர்கின்றன. சட்டத்தை எழுதியவர்கள், கோடு கிழித்தால் அதன்மேல் வண்டி நிற்கும் என்பதை அன்றே எதிர்பார்த்திருந்தனர் போலும்.

அதுவரை, பிரயாணம் செய்யும் அன்பர்கள் சில விஷயங்களைக் கவனித்தல் நலம். எல்லை கடக்கும் பேருந்தில் சீட்டு வாங்குமுன், வண்டி சேருமிடம் வரை செல்லுமா, கோவையிலோ கம்பத்திலோ இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்களா என்று கேட்டறியவேண்டும். பதிவெண் தெரிந்தால், மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் தகுதிச் சான்றும் காப்பீடும் வரியும் எந்நாள்வரை செல்லும் என்று பார்க்கலாம். பயணிகள் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கட்டும். விபத்து நேர்ந்தாலும் வண்டி பிடிபட்டாலும் அதுவே உங்கள் சான்று. தனியார் வண்டிகள் நின்றுவிடும் நாட்களில் கோவை உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்கு இரு மாநில அரசுப் பேருந்துகளும் பகலெல்லாம் உண்டு. சென்னையிலிருந்து பாலக்காடு வரை ரயிலும் உண்டு. இடுக்கிக்குச் செல்வோர் போடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மூணாற்றுப் பேருந்தைப் பிடிக்கலாம். இருட்டுமுன் போடிமெட்டைக் கடந்துவிடும்படி நேரம் பார்த்துப் புறப்படுக.